நீச்சல் குளத்துக்குக் கீழே ஒரு மா நிலம்

தாழைத்திடல் நீச்சல் அரங்கத்தில் தண்ணீர் தரையைத் தொடாமல், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. அதற்குக் கீழே வேம்புவின் நெல் விளைகிறது. நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் முதல் தடவை கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு கழுத்து வலித்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். உள்ளூரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசுவதற்கு யூரியா விலை இருக்கிறது, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்பது இருக்கிறது, யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் பற்றவில்லை என்பது இருக்கிறது. கேட்கிறவர்களுக்காக, நடந்தது நடந்தபடி இங்கே எழுதப்படுகிறது. எங்கேயாவது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அது மைக் செட் கண்ணுசாமி சொன்ன பகுதியாக இருக்கும். மற்றபடி கலப்படம் கிடையாது.

அப்போது கோட்டையில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது, வயல்வெளியில் வெறும் சிவப்புக் கொடி பறந்தது. அறுப்புக் காலம் வந்தால் கூலி நெல்லுக்காகச் சண்டை, சண்டைக்காகப் போலீஸ், போலீஸ் தங்குவதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்று வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கர் என்று சட்டம் வந்ததும், தாழைத்திடல் மிராசுதார் ரெங்கசாமி தம்முடைய நிலங்களைத் தம்பி பேரிலும் மச்சினன் பேரிலும், இன்னும் பிறக்காத பேரன் பேரிலும், பிறந்தவுடனே செத்துப்போன சித்தப்பா பேரிலும் எழுதிவைத்தார். தொழுவத்துக் காளைகளுக்குக் கையெழுத்துப் போட வராததால் அவை மட்டும் தப்பின. அத்தனையும் செய்த பிறகும், ஊருக்கு மேற்கே புத்தாற்றுக் கரையோரம் ஒரு மா நிலம், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, யார் பேரிலும் ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைச் சர்க்கார் உபரி என்று எடுத்து, தெற்குத் தெரு வேம்புக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது.

வேம்பு பதினொரு வயதில் மிராசுதார் வயலில் நடவுக்கு இறங்கியவள். அவள் நட்ட நாற்றையெல்லாம் ஒரே வரிசையாக வைத்தால் தஞ்சாவூர் போய்த் திரும்பி வரும் என்பான் அவள் புருஷன் சாமிதுரை. அவன் விவசாயச் சங்கத்தில் கொடி பிடிக்கிறவன். மனைவியைப் புகழ்வதற்கும் கூட்டத்தில் பேசுவதற்கும் ஒரே குரல்தான் வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதுவரை அவள் தனக்கென்று ஒரு நாற்றுகூட நட்டதில்லை. பட்டா கிடைத்த மறுநாளே, ஆடே வளர்க்காத பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து, "எங்க வயல்ல ஆட்டைக் கீட்டை ஓட்டிவிட்டே, தெரியும் சேதி!" என்று சண்டைக்குப் போனாள். சண்டை போடத் தனக்கும் ஒரு வரப்பு இருக்கிறது என்பதில் அவளுக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அது புரிந்ததால் அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

இதற்கிடையே, சென்னையிலிருந்து வந்த ஒரு மந்திரி பொதுக்கூட்டத்தில் பேசும்போது, அடுத்த தை மாதம் நடக்கவிருக்கும் அகில இந்திய நீச்சல் போட்டியை நம் டெல்டாவிலேயே நடத்துவோம் என்று சொல்லிவிட்டார். "நீர் நிறைந்த நாட்டில் நீந்தாமல் நிமிர்வது எப்படி?" என்று அவர் கேட்டதும் கைதட்டல் நிற்கவே இல்லை. கைதட்டல் நிற்காததால் அவரால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முடியவில்லை. அரங்கத்துக்கு இடம் தேடினார்கள். ஓர் ஆபீஸ் வேம்புக்குக் கொடுத்த அதே சர்வே நம்பரை இன்னோர் ஆபீஸ் நீச்சல் குளத்துக்குக் கொடுத்தது. பார்வையாளர் கூடத்துக்காகச் சுற்றியிருந்த புறம்போக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆபீசும் அடுத்தடுத்த கட்டடத்தில் இருந்தன. இரண்டுக்கும் டீ ஒரே கடையிலிருந்துதான் போனது.

அரங்கத்தைக் கட்ட வந்தவர் தியாகராசன் என்ற இளம் இன்ஜினியர். சென்னைக்காரர், சோற்றைவிடக் கட்டடத்தின் மேல் ஆசை வைத்தவர். வெளிநாட்டு ஒலிம்பிக் அரங்கங்களின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தலையணைக்கடியில் வைத்திருந்தார். இந்த மண்ணில் மூன்றடி தோண்டினால் ஊற்று கிளம்பிவிடும் என்பதால், குளத்தைத் தோண்டாமல் தரைமேலேயே நாலு பக்கமும் சுவர் எழுப்பித் தண்ணீர் நிறுத்துவதாகத் திட்டம் போட்டார். சுற்றிலும் ஆறாயிரம் பேர் உட்காரும் படிவரிசை, எங்கும் இடைவெளி இல்லாமல் முழு வட்டமாகச் சுற்றி வரும். அந்தப் படிவரிசைக்கு மட்டும் கூரை. முறத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற மெல்லிய கான்கிரீட் ஓடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி வட்டமாக நிற்கும். நடுவில் வானம் திறந்திருக்கும், வெயில் நேரே தண்ணீரில் விழும். இதைச் சொல்லும்போது அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுவார். கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

மிராசுதார் ரெங்கசாமி வில்வண்டியில் வந்து படத்தைப் பார்த்தார். கோயில் குளத்தில் அவரவர்க்கு ஒரு படித்துறை இருப்பது போல, தம்மவர் ஏறத் தனிப் படியும் உட்காரத் தனிப் பக்கமும் வேண்டும் என்றார்.

"இது முழு வளையமுங்க ஐயா. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. எந்த இடத்துல வெட்டிப் பிரிச்சாலும் மொத்தக் கூரையும் தலையில எறங்கிடும்" என்றார் தியாகராசன்.

"அப்படின்னா அந்தப் படியில நான் கால் வைக்கிறதா இல்லை" என்று சொல்லிவிட்டு ரெங்கசாமி வண்டியேறினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். பல வருஷம் காப்பாற்றினார்.

ஆவணியில் புல்டோசர் வந்து வேம்புவின் ஒரு மாவை மட்டம் செய்தது. அவள் கரையில் நின்று பார்த்தாள். நிலம் கொடுத்த சர்க்கார் அதை உழுதும் கொடுக்கிறது என்று நினைத்தாள். இவ்வளவு சீராக மட்டம் செய்த வயலை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஒரு மூலையில் செம்பு நீரைக் கவிழ்த்தால் மறு மூலையும் நனைந்தது. நாலு பக்கமும் சுவர் எழும்பியபோது, ஆடு மாடு வராமலிருக்க வேலி போடுகிறார்கள் என்று முடிவு செய்தாள். சாமிதுரைக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. "இவ்ளோ ஒசரத்துக்கா வேலி போடுவாங்க?" என்று கேட்டான். "ஒனக்கு எதைக் குடுத்தாலும் கொறைதான்" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். அடியில் போட வேண்டிய சிமெண்ட் மட்டும் வந்து சேரவில்லை. அதைக் கேட்டு வாங்க இன்ஜினியர் சென்னைக்குப் போயிருந்தார். புரட்டாசி பிறந்து, ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிய நாளில், லாரி வந்துபோக விட்டிருந்த வாசல் வழியாகத் தண்ணீர் தானாக உள்ளே வந்து இரண்டு விரற்கடை நின்றது. சம்பா நடவுக்கு அதுதான் கணக்கு. வேம்பு விடியற்காலையில் நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு, தெருப் பெண்கள் ஏழு பேரை அழைத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். சாப்பாட்டு நேரத்துக்குள் ஐம்பது மீட்டர் நீச்சல் குளம் முழுவதும் நட்டு முடித்தார்கள். சுவருக்குள்ளே குலவை எதிரொலித்ததில் அவர்களுக்கு இன்னும் உற்சாகம் பிறந்து, வெற்றிலை போட்ட பிறகு மறுபடியும் ஒரு தடவை குலவையிட்டார்கள்.

தியாகராசன் திரும்பி வந்து சுவர்மேல் ஏறிப் பார்த்தார். குளம் பச்சையாக இருந்தது. அவருக்குப் பேச்சு இங்கிலீஷில் வந்தது. நாற்றைப் பிடுங்கச் சொன்னார். வேலைக்கு வந்த ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். நட்ட நாற்றைப் பிடுங்கினால் கை விளங்காது என்பதில் டெல்டாவில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தானே பிடுங்குவதாகச் சொல்லி இறங்கிய இன்ஜினியர், ஒரு நாற்றின் தலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, ஏதோ அளந்து பார்த்தவர்போல் எழுந்து வந்தார். அன்றைக்கென்று பார்த்துத் தந்தி வந்தது: மேலதிகாரிகள் நாளை வருகிறார்கள், குளத்தில் தண்ணீர் நிரப்பிக் காட்ட வேண்டும். நிரப்பாவிட்டால் போட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

மறுநாள் வாசலை மணல் மூட்டை போட்டு அடைத்தார்கள். வேம்பு மட்டும் உள்ளேயே நின்றாள். சுவர்மேலிருந்து சாமிதுரை கத்தினான், இன்ஜினியர் கெஞ்சினார். அவள் அசையவில்லை.

"எனக்குன்னு நட்டது சார் இது. இதை முழுகடிக்கணும்னா என்னையும் சேத்து முழுகடிங்க. எனக்கு நீச்சலும் தெரியாது, சொல்லிப்புட்டேன்!"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மேலேறி வந்தால் மறுபடியும் அடுத்தவர் வயலில் குனிந்தே கிடக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேலதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டுப் பதறிப்போன பம்புக்காரன் விசையைத் திருப்பிவிட்டான். தண்ணீர் பாய்ந்தது. அவளுடைய கணுக்காலைத் தொட்டது. நாற்று எவ்வளவு கேட்டதோ அவ்வளவு மட்டும் கீழே நின்றுகொண்டு, மீதித் தண்ணீர் முழுவதும் எழும்பி அவள் தலைக்கு மேலே போய்ப் பரவி நின்றது. பம்பு ஓட ஓட மேலே உள்ள தண்ணீர் பருத்தது; கீழே உள்ளது அப்படியே இருந்தது. ஆழம் போட்டிக்குப் போதுமான அளவு வந்ததும் பம்பை நிறுத்தினார்கள். வேம்பு அண்ணாந்து பார்த்தாள். வெயில் தண்ணீருக்குள்ளே புகுந்து அவள் முகத்தில் ஆடியது. கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள், மணிக்கட்டுவரை நனைந்தது. சேறாயிருந்த கையை அதிலேயே கழுவிக்கொண்டு, "மூட்டையை எடுங்க, நான் வெளிய வரணும்" என்றாள்.

மேலதிகாரிகள் வந்தார்கள், ஆழத்தை அளந்தார்கள், சரியாக இருந்தது. தண்ணீர் தரையில்தான் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டு இளநீர் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு தியாகராசன் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை, மூன்றாம் நாள் சிரித்த முகமாக வந்தார். தண்ணீரைத் தாங்கத் தேவையில்லாத சுவர்களை, பயிருக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று இடிக்கச் சொன்னார். முழங்கால் உயரத்துக்கு மட்டும் விட்டதில் அவை நல்ல வரப்பாயின. குதிக்கும் மேடையை ஒரு மாடி உயர்த்தினார். நீச்சல்காரர்கள் மேலே ஏறிப்போக, படிவரிசையின் நடுவிலிருந்து தண்ணீரின் ஓரத்துக்குப் பாலம் போட்டார். கீழ்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு நீந்துகிறவர்களின் வயிறும் வேம்புவின் பயிரும் தெரிந்தன, மேல்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு தெரிந்தது. எது உசத்தி என்று டீக்கடையில் வெகுநாள் தகராறு நடந்தது. காக்கைகள் கீழேயிருந்து பறந்துபோய் மூக்கை மேல்நோக்கி நீட்டித் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொண்டன. களை பறிக்கும் பெண்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்று, கையைத் தூக்கிக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி மட்டும் கொஞ்சம் இருந்தது. பயிர் அமோகமாக வந்தது. பூச்சிகள் அந்தத் தண்ணீர்க் கூரையைக் கண்டு குழம்பி அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டன.

அடுத்த வயல் ரெங்கசாமியுடையது. அவர் வழக்குப் போட்டார். நிலம் தம்முடைய பரம்பரைச் சொத்து, பயிரும் தம்முடையது என்று மனுவில் கண்டிருந்தது. இரண்டு ஆபீஸ்கள் ஒரே நிலத்தை வேம்புக்கும் குளத்துக்கும் கொடுத்திருந்ததால், பட்டாவைப் பார்த்து முடிவு சொல்ல முடியாத கோர்ட்டு வேறு வழி கண்டுபிடித்தது: விளைந்த பயிரில் முதல் அரிவாள் யார் வைக்கிறாரோ அவர் அனுபோகத்தில் நிலம் இருப்பதாகக் கொள்ளப்படும். வேம்புக்கு அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. நட்டவள் நான், பக்கத்திலேயே இருப்பவள் நான், எனக்கு முன்னே யார் அரிவாள் வைக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள். கதிர் தலை சாய்ந்தது. போட்டி முடிந்த மறுநாள் அறுப்பு என்று நாள் வைத்துக்கொண்டாள்.

தை பிறந்தது, போட்டியும் வந்தது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் நீச்சல்காரர்கள் வந்து இறங்கினார்கள்; இட்டிலி தீர்ந்துபோய் மன்னார்குடிவரை ஆள் அனுப்பினார்கள். டில்லியிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் கண்ணில் நெல் படுவது மரியாதையாக இருக்காது என்று விழாக் குழுவுக்குத் தோன்றியதால், தண்ணீருக்குக் கீழே வயலைச் சுற்றித் தென்னந்தட்டி வைத்துக் கட்டி மறைத்தார்கள். தட்டியின் மேல் கொடி, தோரணம். வேம்புக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் விசேஷ வீட்டில் முணுமுணுக்கக் கூடாது என்று சாமிதுரை சொன்னான். அவளை வற்புறுத்தி மேல்வரிசையில் உட்காரவும் வைத்தான். அதுவரை அவள் மேலேயிருந்து பார்த்ததே இல்லை. தண்ணீருக்கு அடியில் அவளுடைய பயிர் இரண்டு பங்கு பெரிதாகத் தெரிந்தது; ஒவ்வொரு கதிரும் கையளவு பொன்னாக ஆடிற்று. எல்லாரும் நீச்சல்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் தட்டியை விலக்கிக்கொண்டு ஒரு தலைப்பாகை உள்ளே நுழைந்ததை அவள் முதலில் பார்த்தாள்.

ரெங்கசாமி கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து லாரியில் அறுப்பு ஆட்களைக் கொண்டுவந்திருந்தார். போலீஸ் முழுவதும் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது, ஊர் முழுவதும் மேலே இருந்தது, சுற்றிலும் தட்டி மறைவு, தலைக்கு மேலே தண்ணீர். இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்பது அவர் எண்ணம். அதில் ஒரே ஒரு பிழை. தனிப் படி இல்லாத இடத்தில் ஏற மாட்டேன் என்று வீம்பு பிடித்து அவர் ஒருநாளும் படிவரிசையில் ஏறி உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்திருந்தால், அங்கேயிருந்து பார்க்கும்போது தண்ணீருக்குக் கீழே நடப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வேம்பு எழுந்து ஓடினாள். ஆட்களின் தோளிலும் முழங்காலிலும் மிதித்துக்கொண்டு இறங்கினாள். கையில் அரிவாள் இல்லை, அது வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகியிருந்தது. ஒரே பிடி அறுத்துவிட்டால் போதும், நிலம் போய்விடும். அந்தப் படிகள் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கின்றன என்று அவள் இன்ஜினியரை மனசுக்குள் வைதாள். அந்த நேரத்தில் நானூறு மீட்டர் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. நாலாவது பாதையில் முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி முந்திக்கொண்டிருந்த கல்கத்தாக்காரர், தமக்கு நேர்கீழே அரிவாளோடு நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்று தலையைத் தூக்கி, கீழே கையைக் காட்டினார். மற்ற ஏழு பேரும் நின்றார்கள். அரங்கம் முழுவதும் கீழே பார்த்தது.

மைக்கைப் பிடித்திருந்த கண்ணுசாமிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கல்யாணத்திலும் கட்சிக் கூட்டத்திலும் பேசிப் பழகிய நாக்கு தானாக ஓடியது.

"அன்பார்ந்த பொதுமக்களே! பந்தயம் நின்னுடுச்சு. கீழே... கீழே நமது மிராசுதார் ஐயா அவர்கள் தலைப்பாகையோட வருகை தந்திருக்காங்க. ஐயா அவர்களை விழாக் குழு சார்பாக வருக, வருக, வருக என வரவேற்கிறோம்!"

ஆறாயிரம் பேர் கைதட்டினார்கள். ரெங்கசாமி அண்ணாந்து பார்த்தார். தண்ணீருக்கு அப்பால், வட்டமாக, எங்கும் இடைவெளியே இல்லாமல், ஆறாயிரம் முகங்கள் அலையாடிக்கொண்டு அவரையே பார்த்தன. நடுவில் மாலையோடு கலெக்டர் இருந்தார். கைதட்டல் கேட்டால் கும்பிட்டே பழகிய அவருடைய கைகள் தாமாகக் குவிந்தன. கும்பிட்டபடியே நின்றார். எப்போது கையை இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் வேம்பு தட்டியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். அறுப்பு ஆட்களின் தலைவி நாகம்மாள் என்ற கனத்த பெண், அரிவாளோடு குனியப் போனவள், இவள் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஏம்மா, ஏன் இப்படி ஓடியாற? இது யாரு வச்ச பயிரு?"

"நான் வச்சது. நாத்து முடி தூக்கினது நான், நட்டது நான், களை பறிச்சது நான். என் பயிரும்மா அது!" சொல்லும்போதே வேம்புக்கு அழுகை வந்துவிட்டது.

"தன்னோட பயிருன்னுல்ல ஐயா லாரியில ஏத்தியாந்தாரு?" நாகம்மாள் திரும்பி ரெங்கசாமியைப் பார்த்தாள். அவர் இன்னும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, அரிவாளின் பிடியை வேம்பு பக்கம் திருப்பி நீட்டினாள்.

"இந்தா, புடி. நட்டவ இருக்கையில அடுத்தவ முதல் அரிவாள் வைக்கிறதா? நாங்களும் நாத்து நட்ட கைதான். நீ ஒரு பிடி அறு, மிச்சத்தை நாங்களும் கூட நின்னு அறுத்துத் தாரோம்."

வேம்பு அரிவாளை வாங்கினாள். குனிந்து முதல் பிடியைப் பற்றி அறுத்து, அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். கதிர்நுனி தண்ணீரின் அடியில் இடித்து நனைந்தது. மேலேயிருந்து எழுந்த சத்தத்தில் கூரை ஓடுகள் அதிர்ந்தன. தியாகராசன் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கலெக்டர் எழுந்து நின்று தட்டினார். யாரோ தட்டிகளைப் பிரித்துப் போட்டார்கள், கீழ்வரிசைக்கும் எல்லாம் தெரிந்தது. மேலே எட்டுப் பாதைகளில் பந்தயம் மறுபடி தொடங்கியது, கீழே எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பாதையாகப் பிரிந்துகொண்டு அறுத்தார்கள். ஜனங்கள் யாரைப் பார்த்துக் கத்துவது என்று புரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கத்தினார்கள். நாலாவது பாதையின் கீழே வேம்பு இருந்தாள். கல்கத்தாக்காரர்தான் ஜெயித்தார், அடியில் அந்த அம்மாளின் அரிவாள் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார். டில்லிப் பிரமுகர் ஒருவர், இப்படி ஓர் அமைப்பு வேறு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார். "எங்கயும் கிடையாது சார்" என்றார் தியாகராசன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்று வெளியூரிலிருந்து வந்த பெண்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் ஒரே பந்தலில் சாப்பாடு நடந்தது. சாமிதுரை முழு நீளப் பேச்சு ஒன்று பேசினான், யாரும் கேட்கவில்லை, அவனும் கவலைப்படவில்லை.

நிலம் வேம்புவுடையது என்று தீர்ப்பானது. ஓர் ஆட்சி போய் இன்னோர் ஆட்சி வந்தது. அதன் கொடியிலும் கறுப்பும் சிவப்பும் இருந்தன. தியாகராசன் வேறு ஊர்களில் பல அரங்கங்கள் கட்டினார். எல்லாவற்றிலும் தண்ணீர் தரையிலேயே நின்றது, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. வேம்பு அந்த ஒரு மாவின் நெல்லைக் கொண்டு கூரை வீட்டுக்கு ஓடு போட்டாள், மகளைத் திருவாரூரில் படிக்க வைத்தாள். ரெங்கசாமிக்கு வயதாகி முழங்கால் பிடித்துக்கொண்டது. கும்பகோணத்து டாக்டர் எந்த மருந்துக்கும் கேட்காது, தினமும் காலையில் நீந்துங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் ஒரு மாதம் வைராக்கியமாக இருந்தார், வலி அதைவிட வைராக்கியமாக இருந்தது. ஒரு நாள் காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் ஏறுகிற அதே படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறித் தண்ணீரில் இறங்கினார். காவிரித் தண்ணீரில் வளர்ந்த உடம்பு, நீச்சல் மறக்கவில்லை. தினமும் வந்தார். முகத்தைத் தண்ணீரில் வைத்து நீந்தும்போது கீழே வயல் தெரிந்தது. முதலில் பார்க்காமலிருக்கப் பார்த்தார், பிறகு பயிர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு தை மாதக் காலையில் வேம்பு அறுத்தடித்த நெல்லை அங்கேயே பாய் விரித்துக் காயப்போட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மேலே ரெங்கசாமி நிதானமாகப் போய்வந்துகொண்டிருந்தார். அவள் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது தடவை, நெல் தள்ளும் பலகையின் காம்பைத் தூக்கித் தண்ணீரின் அடியில் தட்டினாள். அவர் நீந்துவதை நிறுத்தி, ஓரத்துக்கு வந்து தலையை வெளியே நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிப் போயி நீந்துங்க. நெல்லு காயுது, ஒங்க நெழலு விழுது."

"சரிம்மா" என்றார் ரெங்கசாமி. கிழக்கு ஓரப் பாதைக்குப் போய் அங்கே நீந்தினார். நெல் சாயங்காலத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டது.